இயந்திரப் பாலிஷ் போட்டால் பழைய கார் புதிதாகுமா?

மே 4, காலை (கேள்வி)

பன்னிரண்டு வருடம் ஓடிய கருநீலக் கார். பானட்டும் கூரையும் மங்கிவிட்டன. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள் தெரிகின்றன. மெஷின் பாலிஷ் போட்டால் பெயின்டுக்கு மேல் புதிதாக ஒரு பளபளப்பான பூச்சு ஏறும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருந்தால் கார் எப்போதும் புதிதாகவே இருக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நானே மெஷின் வாங்கிப் போடலாமா?

மே 4, இரவு

பாலிஷ் எதையும் ஏற்றுவதில்லை, இறக்குகிறது. தெரிந்தவர் சொன்னதில் முதல் பாதி தலைகீழ். இரண்டாம் பாதியைக் கேட்டு நடந்தால் நான்கைந்து வருடத்தில் காருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டி வரும்.

தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர்கோட். நீங்கள் பார்க்கும் பளபளப்பு அந்தக் கடைசி அடுக்கின் மேற்பரப்பு எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீறல் என்பது அதில் விழுந்த பள்ளம். பள்ளத்தைத் தூர்க்க வழியில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடி வரைக்கும் தேய்த்து இறக்கினால் பள்ளம் இல்லாமல் போகும். பாலிஷ் செய்யும் வேலை இவ்வளவுதான். இது வட்டியில் செலவழிப்பது கிடையாது, முதலிலேயே கைவைப்பது.

அந்த முதல் எவ்வளவு? கிளியர்கோட் சுமார் 100 மைக்ரான் இருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). சாதாரண எழுதுதாள் ஒன்றின் கனம்.

நீங்களே போடலாம். ஆனால் மெஷின் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. கதவைத் திறந்து, உள்ளே கண்ணில் படாத இடத்தில், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நீலம் ஏறுகிறதா?

மே 5

நேற்று இரவு எழுதியதில் பெரிய பிழை. 100 முதல் 150 மைக்ரான் வரை என்பது எல்லா அடுக்கும் சேர்ந்த கனம். கிளியர்கோட் மட்டும் எடுத்தால் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். அதாவது அரைத் தாள். தூக்கக் கலக்கத்தில் உங்கள் சொத்தை இரட்டிப்பாக்கிவிட்டேன்.

அந்த அரைத் தாளையும் முழுக்கத் தேய்க்க முடியாது. கீழே இருக்கும் நிறத்தை வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பது கிளியர்கோட்டில் கலந்திருக்கும் வேதிப்பொருள்தான். அடுக்கு மெலிந்தால் குடை மெலிகிறது. இன்று மின்னும் கார் இரண்டு வருடத்தில் வெளிறும். காம்பவுண்ட் என்னும் சொரசொரப்பான பாலிஷும் அதன்பின் மென்மையான பாலிஷும் போட்டு முழுமையாக ஒரு சுற்று வந்தால் சில மைக்ரான் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மே 5, மறுபடியும்

துணியில் நிறம் ஏறவில்லை என்கிறீர்கள். அப்படியானால் மேலே கிளியர்கோட் இருக்கிறது. நல்லது.

ஏன் கேட்டேன் என்றால், என் முதல் கார் சிவப்பு. 1980களில்தான் கிளியர்கோட் பரவலானது. என்னுடையது அதற்கு முந்தைய முறைப்படி நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்காகப் பூசப்பட்ட வண்டி. என் கைக்கு வந்தபோது அது சிவப்பாகவே இல்லை. கூரை, வெளுத்துப்போன பலூனைப் போல இளஞ்சிவப்பாக இருந்தது. விரலால் தடவினால் சுண்ணாம்பு போல ஒட்டியது. பாலிஷைத் தொட்டு ஒரு கையகல இடத்தைத் தேய்த்தேன். துணி முழுக்கச் சிவப்பு. பெயின்ட் மொத்தமும் வந்துவிட்டது என்று பதறி, துணியை ஒளித்துவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்தக் கையகல இடம் மட்டும் தக்காளி நிறத்தில் ஈரமாக நிற்பதுபோல் பளபளக்கிறது. வந்தது வெயிலில் செத்துப்போன மேல்தோல். அடியில் உயிருள்ள நிறம் அப்படியே இருந்தது.

அந்த ஒரு கையகலம்தான் என்னை இந்தப் பைத்தியத்தில் தள்ளியது. அதைப் பார்த்த பிறகு மீதிக் கூரையை அப்படியே விட முடியுமா?

மே 6

கேட்க மறந்தது. கூரையிலோ பானட்டிலோ வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருக்கிறதா? ஓரத்தில் தோல் உரிவதுபோல் கிளியர்கோட் எழும்பியிருக்கிறதா? இருந்தால் அந்த இடத்துக்குப் பாலிஷ் உதவாது. உரியும் தோலை எந்த மெஷினும் திரும்ப ஒட்டவைக்காது. தேய்த்தால் திட்டு இன்னும் விரியும். அதற்கு மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி.

மே 8

திட்டு இல்லை என்று தெரிந்து எனக்கும் நிம்மதி. எந்த மெஷின் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாகப் பதில் சொல்வதற்கு முன், நான் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மெஷின் இரண்டு வகை. ரோட்டரி, அச்சில் மாட்டிய சக்கரம் போல ஒரே இடத்தில் சுற்றும். டூயல் ஆக்‌ஷன் என்பது சுற்றிக்கொண்டே அலையும். மெஷினின் முகத்தில் மாட்டும் பஞ்சு வட்டான பேட் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடாது. அதனால் வெட்டும் வேகம் குறைவு, சூடும் குறைவு. அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே நடுங்கும். தெரியாதவன் கையில் இருந்தாலும் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் கருவி அது.

நான் ரோட்டரி வாங்கினேன். பெரியவர்கள் பயன்படுத்துவது அதுதான் என்று ஒரு மிதப்பு. சிவப்பு கார் போய், சாம்பல் நிறக் கார் வந்திருந்தது. ஒரு மணி நேரம் பானட்டின் நடுப்பகுதியில் ஒழுங்காகத்தான் ஓடியது. ஓரத்துக்கு வந்தேன். ஹெட்லைட்டுக்கு மேலே பானட் மடிந்து இறங்கும் அந்த முனையில் ஒரு மங்கல் தெரிந்தது. பேட்டைச் சற்றே சாய்த்து, இரண்டு நொடி கூடுதலாக நிறுத்தினேன். இரண்டே நொடி. மெஷினின் சத்தம் மாறியதும் சுடும் பிளாஸ்டிக் வாசனை வந்ததும் ஒன்றாக நினைவிருக்கிறது. பேட்டை எடுத்தபோது அந்த முனையில் புருவம் போல நீளமாக, வெளிறிய பழுப்பில், பிரைமர் தெரிந்தது. துடைத்தால் போய்விடும் என்று துடைத்தேன். எச்சில் தொட்டும் துடைத்தேன். மனிதன் எவ்வளவு நம்பிக்கைவாதி.

குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அது இதுதான். டூயல் ஆக்‌ஷன் வாங்குங்கள்.

மே 8, அரை மணி கழித்து

காரணத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயமுறுத்தியதோடு நிற்கும். ஈரப் பெயின்ட் காயும்போது கூரிய முனைகளிலிருந்து விலகி ஓடும் குணமுள்ளது. அதனால் மடிப்பிலும் ஓரத்திலும் அடுக்கு இயல்பாகவே மெல்லிசு. அதே இடத்தில் பேட்டின் முழு அழுத்தமும் ஒரு கோட்டில் குவிகிறது. மெல்லிய இடத்தில் அதிக வெட்டு. பிளாஸ்டிக் பம்பரில் இன்னொரு தொல்லையும் உண்டு. உலோகத் தகடு சூட்டைப் பரப்பி ஆற்றிவிடும், பிளாஸ்டிக் தேக்கிவைக்கும்.

ஆகவே எல்லா மடிப்புக்கும், கதவு ஓரங்களுக்கும், கருப்பு ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஓரங்களை மெஷினை வைத்துவிட்டு, கையால், கடைசியில்.

மே 9

டேப் ஒட்டுவது சலிப்பாக இருக்கிறது என்று எழுதியவருக்கு: கருப்புப் பிளாஸ்டிக்கில் காய்ந்துபோன வெள்ளைப் பாலிஷைப் பல் துலக்கும் பிரஷால் சுரண்டி எடுப்பது அதைவிடச் சலிப்பு. இரண்டையும் செய்தவன் சொல்கிறேன்.

மே 13

மெஷின் வந்துவிட்டது என்ற செய்தியும் படமும் பார்த்தேன். பெட்டியிலிருந்து எடுத்து நேராகப் பானட்டில் வைக்கக் கை அரிக்கும். வேண்டாம். பாலிஷ் நாளில் பாதி நேரம் பாலிஷுக்கு முந்தைய வேலைக்குப் போக வேண்டும்.

கழுவிக் காயவைத்த பானட்டின் மேல், கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம், பைக்குள்ளிருந்து தடவும்போது மணல்தாள் போலச் சொரசொரக்கும். முதல்முறை செய்தபோது நான் கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தேன், ஏதோ ஒட்டிக்கொண்டதோ என்று. அது பிரேக்கிலிருந்தும் சாலையிலிருந்தும் பறந்துவந்து பெயின்டில் குத்திக்கொண்ட நுண்துகள்கள். சோப்பு நீருக்கு அவை அசையாது.

இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் ஒன்று உண்டு. தெளித்த ஓரிரு நிமிடத்தில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். வெள்ளைக் காரில் பார்த்தால் கார் அழுவது போல இருக்கும். நாற்றம் அழுகிய முட்டை. காயவிடாமல் கழுவிவிட வேண்டும். மீதமிருப்பதை எடுக்க கிளே பார். களிமண் என்று பெயர்தானே தவிர, பிசைந்த மாவு போன்ற செயற்கைப் பொருள். பரப்பில் வழுக்க நிறைய நீர்மம் தெளித்து, அழுத்தமே இல்லாமல் நேர்கோட்டில் இழுங்கள். சொரசொரப்பு அடங்கும்போது கைக்கே தெரியும், சத்தமும் நின்றுவிடும். மாவை அடிக்கடி மடித்துப் புதுப்பக்கத்தைத் திருப்புங்கள்.

இதைச் செய்யாமல் பேட்டை வைத்தால், அந்தத் துகள்களைப் பேட்டே பொறுக்கியெடுத்துக் கார் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். கீறலை நீக்கப் போய்க் கீறல் போட்ட கதை.

மே 13

கிளே பார் கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கழுவி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டாம்.

மே 17

இப்போது மெஷின். முதலில் பானட்டின் நடுவில் அரை மீட்டர் சதுரம் ஒன்றை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். அதுதான் சோதனைக்களம். கைவசமிருப்பதில் மிக மென்மையான பேட், மிக மென்மையான பாலிஷ், இதிலிருந்து தொடங்குங்கள். போதவில்லை என்றால் பாலிஷை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால் பேட்டை. எந்தச் சேர்க்கை வேலை செய்கிறதோ அதுவே கார் முழுவதற்கும். பெயின்டின் கடினம் வண்டிக்கு வண்டி மாறும். இன்னொருவர் எழுதியதைப் பார்த்துத் தொடங்கினால் உங்களுக்கு ஒன்று வெட்டாது, அல்லது தேவைக்கு மேல் வெட்டும். நான் எழுதுவதற்கும் இது பொருந்தும்.

பேட்டில் பட்டாணி அளவு நான்கு சொட்டுப் பாலிஷ். மெஷினை ஓடவிடாமல் சதுரம் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பரப்பிவிட்டு, அதன்பின் இயக்குங்கள். இல்லாவிட்டால் சுவரெல்லாம் புள்ளி. வேகம் ஆறில் நான்கு அல்லது ஐந்து. கை நகரும் வேகம்தான் எல்லோரும் தவறவிடுவது. ஒரு நொடிக்கு இரண்டு விரற்கடை, அதற்கு மேல் வேண்டாம். துணி இஸ்திரி போடுவதைவிட மெதுவாக. முதலில் இடமிருந்து வலமாக, ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தின் பாதியை மூடும்படி. முடிந்ததும் மேலிருந்து கீழாக. இந்தக் குறுக்கும் நெடுக்கும் சேர்ந்து இரண்டு சுற்று. துடைத்துப் பாருங்கள்.

பேட்டின் முதுகில் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்ற இடத்தில் நடுங்கினால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. இந்தக் கோட்டை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதைவிட மலிவானதும் இதைவிடப் பயனுள்ளதும் இல்லை.

ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேட்டைப் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். தேய்த்தெடுத்த பெயின்ட் தூள் அதில்தான் அடைந்திருக்கும். தகடு கைக்குச் சூடாக இருக்கக் கூடாது. வெயிலில் செய்யக் கூடாது.

மே 18

ரோட்டரியைப் பற்றி 8ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அநியாயம். என் கூறுகெட்ட கையின் குற்றத்தைக் கருவியின் மேல் ஏற்றியிருக்கிறேன். கைதேர்ந்தவர்கள் குறைந்த வேகத்தில் அதை ஓட்டும்போது கண்ணாடி போல வருவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆழமான கீறலுக்கும் கடினமான பெயின்டுக்கும் அதுவே வேகமானது. ஆனால் அதன் தடம் ஒன்று உண்டு. நிழலில் பார்த்தால் குறையே இருக்காது. வெயிலில் இறக்கினால் மெஷின் போன வழியெல்லாம் நெளிநெளியாக நிழல் கோடுகள், சாய்த்துப் பார்க்கும் படம்போல நகரும். அதை நீக்க மென்மையான பாலிஷோடு இன்னொரு சுற்று வர வேண்டும்.

உங்களுக்கான யோசனை மாறவில்லை.

மே 22

"ஞாயிற்றுக்கிழமை முழுக்க உழைத்தேன், கீறல் எல்லாம் போய்விட்டது. இரண்டு முறை கழுவியதும் பாதி திரும்பி வந்துவிட்டது."

வரவில்லை. போகவே இல்லை.

பல பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பியும் கலந்திருக்கும். அவை கீறலின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு பள்ளத்தை மறைக்கும். நான்கு முறை கழுவினால் வெளியேறிவிடும். பூசி மெழுகுவது என்று தமிழில் ஒரு சொல் சும்மா வரவில்லை. விற்பதற்கு முந்தைய நாள் பழைய கார்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

உண்மையைப் பார்க்க, ஒரு சதுரம் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடையுங்கள். எண்ணெய் போய்விடும். பிறகு விளக்கு அடித்துப் பாருங்கள். இதை 17ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும். உங்கள் ஞாயிற்றுக்கிழமை வீணானதில் எனக்கும் பங்குண்டு.

ஆனால் உடனே மறுபடி முழுக் காரையும் தொடங்காதீர்கள். பானட் மட்டும். அதுவும் ஒரு படி வலுவான பாலிஷோடு சோதனைச் சதுரம் போட்டுப் பார்த்த பிறகு.

மே 23

விளக்கு என்றதும் நினைவு வந்தது. சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் விழுவதற்குக் காரணம் வட்டமாகத் துடைப்பதுதான் என்று பல வருடம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தம்பியை அதற்காகத் திட்டியும் இருக்கிறேன்.

ஒரு இரவு கைவிளக்கோடு பானட்டின் மேல் குனிந்திருந்தேன். விளக்கைச் சுற்றி அழகாக வட்டங்கள். விளக்கை ஒரு சாண் நகர்த்தினேன். வட்டங்களும் ஒரு சாண் நகர்ந்தன. கீறல் எப்படி நகரும்? கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. விளக்கின் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் எவை கிடக்கின்றனவோ அவை மட்டும் தெரிகின்றன. அவற்றைச் சேர்த்துக் கண் வட்டமாக்கிக்கொள்கிறது. முழுநிலவை மரக்கிளைகளின் வழியே பார்த்தாலும் நிலவைச் சுற்றிக் கிளைகள் வட்டமிடுவதுபோல் தோன்றுவது இதே கூத்துதான்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றே அவனுக்கு நினைவில்லை.

(நேர்கோட்டில் துடைக்கும் பழக்கத்தை நான் விடவில்லை. தவறிப்போய் மண் துகள் சிக்கினாலும் கீறல் ஒரே திசையில் கிடக்கும், குறைந்த கோணங்களில் மட்டுமே தெரியும். காரணம் தவறாக இருந்தாலும் வழக்கம் சரியாக இருக்கலாம்.)

ஜூன் 2

கனமானி வாங்கலாமா என்ற கேள்விக்கு: இரவல் கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள். பெயின்டின் மேல் வைத்தால் மைக்ரானில் எண் காட்டும். இரும்புத் தகட்டில் காந்தமுறை, அலுமினியத்தில் மின்சுழல் முறை. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது.

அது சொல்வது மொத்தக் கனம். கிளியர்கோட் எவ்வளவு மிச்சம் என்று தனியாகச் சொல்லாது. ஆனால் ஒப்பிடப் பயன்படும். கார் முழுக்க 110, 115 என்று வந்து, ஒரு கதவில் மட்டும் 240 காட்டினால் அந்தக் கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி. கூரையில் மட்டும் 80 வந்தால் உங்களுக்கு முன்பே ஒருவர் ஆர்வக்கோளாறோடு தேய்த்திருக்கிறார், அங்கே பேட்டையே வைக்காதீர்கள்.

என் சாம்பல் காரை விற்கப் போனபோது வாங்க வந்தவர் இந்தக் கருவியோடு வந்தார். பானட் முனையில் நான் தூரிகையால் தொட்டுத் தொட்டு மூடியிருந்த அந்தப் புருவத்துக்கு நேராக வைத்தார். எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஜூன் 3

விலையைக் குறைத்துத்தான் கொடுத்தேன். நேற்று அதை எழுதாமல் விட்டதும் ஒருவகைப் பூசி மெழுகல்தான்.

ஜூன் 15

ஹெட்லைட் மஞ்சளாகியிருக்கிறது, அதே மெஷினால் தேய்க்கலாமா என்கிறீர்கள். பொருள் விலகுகிறது, ஆனாலும் சொல்கிறேன், இங்கே நான் மாட்டியிருக்கிறேன்.

இக்கால ஹெட்லைட் கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கடினப் பூச்சு ஒன்று ஆலையிலேயே போட்டிருப்பார்கள். மஞ்சளும் வெடிப்பும் அந்தப் பூச்சு செத்துக்கொண்டிருப்பதன் அடையாளம். மணல்தாள் 1000, 2000, 3000 என்று படிப்படியாக ஈரத்தில் தேய்த்துப் பாலிஷ் போட்டால் ஸ்படிகம் போலத் தெளியும். நான் தெளிந்ததும் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். மிச்சமிருந்த பாதுகாப்பையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிட்டேன் என்பது சில மாதத்தில் முன்பைவிட மோசமாக மஞ்சளானபோதுதான் உறைத்தது. தேய்த்த பிறகு புற ஊதாத் தடுப்புள்ள பூச்சைப் போட்டே ஆக வேண்டும். போடப் போவதில்லை என்றால் தொடவே தொடாதீர்கள்.

ஜூன் 16

பானட் படம் பார்த்தேன். மேலே எரியும் குழல்விளக்கு அதில் கோடு பிசகாமல் தெரிகிறது. கருநீலத்தில் அந்த ஆழம் வருவது லேசு இல்லை. மங்கலான காரையும் பளிச்சென்று காட்டிவிடும் வெள்ளை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடும் தெரியாது, இந்தச் சுகமும் தெரியாது.

இடது மூலையில் தெரியும் அந்த ஒற்றைக் கீறலை இன்னும் ஏன் துரத்துகிறீர்கள்? நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம். அதை முற்றிலும் நீக்கும் அளவுக்கு இறங்கினால் அந்த இடத்தில் கிளியர்கோட் மிஞ்சாது. கீறலின் விளிம்பு மழுங்கினாலே ஒளி அதில் முன்புபோல் தெறிக்காது, மூன்றடி தள்ளி நின்றால் மறையும். மூன்றடி தள்ளி நில்லுங்கள்.

ஜூன் 28

பாலிஷ் முடிந்த பெயின்டின் மேல் பாதுகாப்புக்கு எதைப் போடுவது, மெழுகா, செயற்கை சீலண்ட்டா, செராமிக் பூச்சா? கார்னௌபா என்ற தாவர மெழுகு சில வாரம் நிற்கும், சீலண்ட் சில மாதம், செராமிக் ஒழுங்காகப் போட்டால் வருடக்கணக்கில். மெழுகின் அழகு தனி என்று கட்சி கட்டுபவர்களில் நானும் ஒருவன். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டால் என்னால் வித்தியாசம் சொல்ல முடியாது. (கண்ணைக் கட்டினால் எதையுமே பார்க்க முடியாது என்று சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.)

செராமிக் விளம்பரங்களில் வரும் "9எச்" என்ற எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். அது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. எந்தப் பென்சில் முனை பரப்பைக் கீறுகிறது என்று பார்ப்பது. வைரத்துக்குப் பத்து, மாணிக்கத்துக்கு ஒன்பது என்று கனிமங்களுக்குச் சொல்லும் மோஸ் அளவோடு அதற்கு உறவில்லை. உங்கள் கார் மாணிக்கமாகிவிடாது. அழுக்குத் துணியால் துடைத்தால் கீறல் விழும், கல் தெறித்தால் சில்லு பெயரும். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் விடும், அதுவே போதிய காரணம்.

கீறலோடு இருக்கும் பெயின்டின் மேல் அதைப் போட்டால் கீறலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது போல ஆகும். எடுக்க வேண்டுமென்றால் மறுபடி பாலிஷ்தான்.

ஜூலை 11

உண்மையில் இந்த இழை தொடங்கியிருக்க வேண்டிய இடத்துக்கு இன்றுதான் வருகிறோம். நீங்கள் கழுவும் படத்தைப் போட்டீர்களே, அதில் ஒரே வாளி, ஒரே ஸ்பாஞ்ச். பன்னிரண்டு வருடச் சிலந்தி வலைக்கு அந்த வாளிதான் பொறுப்பு. ஸ்பாஞ்ச் தட்டையானது. மண்ணை உள்ளே வாங்காமல், பெயின்டுக்கும் தனக்கும் நடுவே வைத்துத் தேய்க்கும். மைக்ரோஃபைபர் கையுறையின் இழைகளுக்குள் மண் போய் ஒதுங்கும்.

முதலில் வெறும் நீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் சோப்பு நீர், இன்னொன்றில் வெறும் நீர். ஒரு பாகத்தைக் கழுவியதும் கையுறையை வெறும் நீரில் அலசிவிட்டே சோப்பு வாளிக்குப் போக வேண்டும். கூரையிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள், கதவின் அடிப்பகுதியும் சக்கரமும் கடைசி, சக்கரத்துக்குத் தனித் துணி. முடித்தபின் அலசிய வாளியின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே நறநறவென்று உட்கார்ந்திருப்பது எல்லாம் உங்கள் பானட்டில் கோடு போட்டிருக்க வேண்டியது.

மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். இழைகளை அடைத்துவிடும், பிறகு அது தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும்.

ஆகஸ்ட் 9

கூரையில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் என்றால் பெரும்பாலும் உப்பு நீர் காய்ந்த கறை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்து ஒரு நிமிடம் போட்டுவைத்து, நன்றாகக் கழுவுங்கள். மேலே படிந்த உப்பு என்றால் கரைந்துவிடும். கழுவியும் வளையம் தெரிந்தால் கிளியர்கோட்டையே அரித்துப் பள்ளமாக்கியிருக்கிறது. பறவை எச்சம் செய்வதும் அதேதான், அதைக் கண்டவுடன் நனைத்து ஊறவைத்து எடுங்கள், உலர்ந்ததைச் சுரண்டாதீர்கள்.

வளையம் மிஞ்சியிருந்தாலும் மெஷினை இறக்க வேண்டாம். மென்மையான பாலிஷ், கையளவு பேட், அந்த வளையத்தின் மேல் மட்டும்.

ஆகஸ்ட் 10

இல்லை, "எப்படியும் மெஷினை எடுத்தாயிற்று, கூரை முழுக்க ஒரு சுற்று வந்துவிடலாமே" என்பதற்கு என் பதில், இல்லை. மே மாதம் இரண்டு முறை தேய்த்தாயிற்று. இரவல் கனமானியில் கூரை 98 காட்டியது என்று நீங்களே ஜூனில் எழுதியிருக்கிறீர்கள், மற்ற இடமெல்லாம் 112.

மெஷினை எனக்கு இரவல் அனுப்பிவையுங்கள். திருப்பித் தர நாளாகும்.